புகையின் சாதி

1

மாலை ஆறு மணிக்குமேல் சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு அந்தக் கடைக்கு யாரும் வழி சொல்லத் தேவையில்லை. புகையே கூட்டிக்கொண்டு போய்விடும். பாதியாக அறுத்த இரும்புப் பீப்பாய், மேலே கம்பி வலை, அடியில் கரித்தணல், தணலுக்குக் காற்றூத ஒரு சின்ன மின்விசிறி. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் குத்திய கோழிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ‘பார்பிக்யூ, கிரில், தந்தூரி, அல்ஃபாம்’ என்று விளக்குப் பலகை. கடையின் பெயர் நமக்கு முக்கியமில்லை. இன்று எந்தத் தாலுகா ஊருக்குப் போனாலும் இப்படி ஒன்றிரண்டு கடை இருக்கும்.

நானும் மலைத் தோழர் ஒருவரும் போயிருந்தோம். கல்வராயன் மலையில் சேராப்பட்டுப் பக்கம் அவருக்கு ஊர். மலையாளிப் பழங்குடி. வன உரிமை மனுக்கள் பற்றிய ஒரு கூட்டம் முடிந்து, கடைசிப் பேருந்துக்கு நேரம் இருந்தது. “இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வாசனைய மட்டும் புடிச்சிகினு போறன் தோழர். இன்னிக்கி உள்ள பூந்து தின்னு பாத்துடலாம்” என்றார்.

பார்பிக்யூ அரைக்கோழி, அல்ஃபாம் அரைக்கோழி, நாலு குப்பூஸ் சொன்னோம். அடுப்பில் நின்றவர் அஸ்ஸாமிலிருந்து வந்த இளைஞர். அரைகுறைத் தமிழில் வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தார். கிரில் என்பது சுற்றும் கம்பி, கேஸ் நெருப்பு. தந்தூரி என்பது மண் அடுப்புக்குள் இறக்குவது. பார்பிக்யூவுக்குத் தோலை உரித்து, கீறிவிட்டு, மசாலாவில் ஊறவைத்து நேராகத் தணல்மேல் போடுவது. அல்ஃபாமுக்குக் கோழியைப் பிளந்து விரித்து, இரண்டு கம்பி வலைக்கு நடுவில் வைத்து அழுத்திச் சுடுவது. கொழுப்பு சொட்டித் தணலில் விழுகிறது. விழுந்த கொழுப்பு புகையாக மேலே வந்து கறியிலேயே படிகிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது முக்கியமாக அந்தப் புகையைத்தான். கறியை வீட்டிலும் வேகவைத்துக்கொள்ளலாம்.

நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். ஓரம் கருகி, உள்ளே சாறு நின்று, எலுமிச்சையும் வெங்காயமும் சேர்ந்தபோது இரண்டு பேரும் பேசாமல் தின்றோம். எலும்பைக் கடிக்கும்போது எனக்கு ஆயாவின் நினைவு வந்தது.

ஆயா உப்புக்கண்டம் போடும். மாட்டுக்கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்துக் கூரைக்குப் பக்கத்தில் காயவைக்கும். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களில் அதில் இரண்டு துண்டு எடுத்துத் தணலில் சுட்டு, அம்மியில் வைத்துத் தட்டி, காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்த்துக் கொடுக்கும். சுடுவதற்கு முன்னால் கதவைச் சாத்திவிடும். “ஊர்க்காரன் வாய்க்கா பக்கம் வர நேரம், சாத்துடா” என்று சொல்லும். புகை கூரை வழியாக எப்படியும் வெளியே போகும். ஆனாலும் கதவைச் சாத்தியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் ஒரு வாத்தியார் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே நிற்கச் சொன்னார். நான் கறி தின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. சட்டை தின்னவில்லை, புகையில் தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கொழுப்பு தணலில் விழுந்து எழுகிற அதே புகை. அன்று சாத்தி வைக்க வேண்டியிருந்தது. இன்று தெருவுக்கே விசிறிவிட்டு வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறது. இடையில் என்ன நடந்தது? புகைக்குச் சாதி எப்போது வந்தது, எப்போது போனது, உண்மையிலேயே போய்விட்டதா? இந்தக் கேள்விகளோடுதான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் பலகையில் எழுதியிருந்த பெயர்களைப் பார்க்கலாம். பெயர்கள் வந்த வழி ஒரு வரலாற்றைச் சொல்கிறது.

‘பார்பிக்யூ’ ஆங்கிலச் சொல் என்று நினைக்கிறோம். கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தாய்னோ பழங்குடியினரின் சொல் அது. குச்சிகளால் பரண் மாதிரி கட்டி, அதன்மேல் இறைச்சியும் மீனும் வைத்து அடியில் நெருப்பு மூட்டுவார்கள். அந்தப் பரணுக்குப் பெயர் ‘பார்பகோவா’. 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் குறிப்புகளில் இது ஏறுகிறது. அப்படி எழுதி வைத்தவர்கள் வந்து இறங்கிய சில பத்தாண்டுகளுக்குள் கட்டாய உழைப்பாலும் கொள்ளை நோயாலும் தாய்னோ மக்களில் பெரும்பகுதியினர் அழிந்தார்கள். சொல் பிழைத்துக்கொண்டது. பிறகு அமெரிக்காவின் தென்மாநிலங்களில் குழி வெட்டி, இரவெல்லாம் விழித்திருந்து, தோட்ட முதலாளிகளின் விருந்துக்குப் பன்றியைச் சுட்டவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அடுப்பில் நின்றவர்கள் ஒருவர், பந்தியில் உட்கார்ந்தவர்கள் வேறொருவர்.

‘தந்தூரி’யின் கதை நமக்குக் கொஞ்சம் பக்கம். மண் அடுப்பு பழையது. அதில் சுட்ட கோழி இந்திய நகரங்களின் உணவகப் பண்டமானது 1947 பிரிவினைக்குப் பிறகு. பெஷாவரிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தில்லி தரியாகஞ்சில் ‘மோதி மகால்’ தொடங்கினார்கள். அங்கிருந்துதான் அது ஊர் ஊராகப் பரவியது.

‘அல்ஃபாம்’ அரபுச் சொல். ‘ஃபஹம்’ என்றால் கரி. கரியில் சுட்ட கறி என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1973 எண்ணெய் விலை உயர்வுக்குப் பிறகு வளைகுடாவில் கட்டட வேலை பெருகியது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் போனார்கள். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்தும் போனார்கள். கொத்தனார், ஓட்டுநர், சமையல்காரர், ஒட்டகம் மேய்க்கிறவர் என்று. வேலை முடிந்து வெள்ளிக்கிழமை இரவில் அவர்கள் தின்ற குப்பூஸும் சுட்ட கோழியும் விசா முடிந்ததும் அவர்களோடு ஊருக்கு வந்தன. சங்கராபுரம் கடையின் முதலாளியும் அப்படித் திரும்பி வந்தவர்தான்.

ஆக மூன்று பெயருமே வேரிலிருந்து பிடுங்கப்பட்ட மனிதர்கள் சுமந்து வந்தவை. பழங்குடி, அடிமை, அகதி, கூலி. இவர்களின் தீ எப்படியோ சந்தைக்கு வந்து, தன் பழைய முகவரியைத் தொலைத்துவிட்டு, விளக்குப் பலகையில் ஏறிவிட்டது. கடைக்கு மேற்கே கண்ணுக்குத் தெரிகிற மலையிலும், கிழக்கே ஏரிக்கரையை ஒட்டிய சேரியிலும் சுட்ட கறி இருந்ததே, அதற்கு மட்டும் ஏன் பலகையில் இடமில்லை?

3

இந்தப் பகுதிக்குச் சுட்ட கறி வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடுகிறது. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். சங்கராபுரத்திலிருந்து மூங்கில்துறைப்பட்டு தாண்டி வடக்கே போனால் அந்த நாடு. நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு அது. வழியில் காட்டுப்பன்றியைக் கண்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு யோசனை வருகிறது. உலர்ந்த மூங்கில்கள் உரசிப் பிறந்த காட்டுத் தீயில், புகை மண்டாமல் மயிர் போக வாட்டித் தின்னுங்கள், சுனைநீர் குடியுங்கள், மிஞ்சியதை மூட்டை கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார் புலவர். தீ, பண்டம், குடிநீர், கட்டுச்சோறு எல்லாவற்றுக்கும் மலையே பொறுப்பு.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் தன்னிடம் வந்த கலைஞனுக்கு இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைத் தின்னத் தின்னக் கொடுக்கிறான். அவன் பல் உழுத கொழுவைப் போல மழுங்கிவிட்டதாம். கம்பியில் கோத்த கறிக்கு நாம் வளைகுடாவரை போயிருக்க வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமான சாட்சி கபிலர். புறநானூற்றின் 14ஆம் பாட்டில் சேர மன்னன் அவர் கையைப் பிடித்துப் பார்த்து, மென்மையாக இருக்கிறதே என்கிறான். உன் கை ஆயுதம் பிடித்து வன்மையானது; உன்னைப் பாடுகிறவர்களின் கைக்குப் பூமணக்கும் புகையூட்டிய ஊனைத் தின்பதைவிடக் கடினமான வேலை கிடையாது, அதனால் மென்மையானது என்று பதில் சொல்கிறார். கபிலர் அந்தணர் என்பது சங்கப் பாட்டே சொல்லும் செய்தி. புகையேறிய இறைச்சியை அந்தணர் ஒருவர் வெட்கமில்லாமல் அரசவையில் பெருமையாகச் சொல்கிறார். அவர் உயிர்விட்டதாக நம்பப்படும் கபிலர் குன்று, திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கிறது. 2019இல் உருவான இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கபிலர் உண்டு, குறிஞ்சி உண்டு, பாரி தேருக்கு ஏங்கிய முல்லை உண்டு. இந்தப் பாட்டு இல்லை.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் சங்ககாலப் பொற்காலத்தை மீட்கும் ஆசை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாணனும் பொருநனும் பசியோடு வாசலில் நின்றவர்கள்தான். கறி கொடுத்தவன் கையில் வாள் இருந்தது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அன்று புகை யாரையும் ஊருக்கு வெளியே நிறுத்தவில்லை. சுட்டது தாழ்ந்தது, வேகவைத்தது உயர்ந்தது, இரண்டையும் தொடாதது மிக உயர்ந்தது என்ற ஏணி அப்போது இந்த வடிவத்தில் கட்டப்படவில்லை.

ஏணி கட்டப்பட்டதைப் பெரியபுராணத்தில் பார்க்கலாம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய இரண்டு கதைகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

ஒன்று கண்ணப்பர். வேடர் குலத்துத் திண்ணன் காளத்தியில் காட்டுப்பன்றியைக் கொன்று, அம்பில் கோத்து, பதமாகச் சுட்டு, பல்லால் கடித்து ருசி பார்த்து, நல்ல துண்டுகளை மட்டும் தேக்கிலையில் வைத்துச் சிவனுக்குக் கொண்டுபோகிறான். பூசை செய்யும் சிவகோசரியார் வந்து பார்த்துத் துடித்துப்போய்க் கறியை அள்ளி எறிந்து இடத்தைக் கழுவுகிறார். மறுநாளும் கறி, மறுநாளும் கழுவல். கடைசியில் திண்ணன் தன் கண்ணைப் பிடுங்கி வைத்த பிறகுதான் சுட்ட கறி பக்தியாக ஏற்கப்படுகிறது. பன்றிக்கறிக்கு விலை ஒரு கண்.

இன்னொன்று நந்தனார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைக்குத் தோல் கொடுக்கிறார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுக்கிறார், பூசைக்குக் கோரோசனை கொடுக்கிறார். மூன்றும் மாட்டின் உடலிலிருந்து வருபவை. மாட்டின் தோல் கோயிலுக்குள் போகிறது, நரம்பு போகிறது. உரித்துக் கொடுத்த மனிதன் வெளியே நிற்கிறான். மாட்டின் இறைச்சி எங்கே போனது என்று புராணம் சொல்லவில்லை. நமக்குத் தெரியும். கடைசியில் சிதம்பரத்தில் தீ மூட்டி, அதற்குள் இறங்கச் சொல்கிறார்கள். பறையனாக இறங்கியவர் பூணூல் போட்ட முனிவராக எழுந்தாராம்.

இதே மண்ணில் மூன்றாவது தீயும் ஒன்று உண்டு. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராசராசன் காலக் கல்வெட்டு, பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. சங்கப் பாட்டுகள் அவரை வடக்கிருக்கத் துணிந்தவராகக் காட்டுகின்றன. சோழர் காலம் அவரைத் தீக்குள் அனுப்புகிறது. கறியைச் சுட்ட தீ, மனிதர்களைப் புடம் போடும் தீயாக மாறிய காலம் எது என்பதற்கு இது ஒரு தடயம் எனலாம்.

4

பிரெஞ்சு மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1965இல் ‘சமையல் முக்கோணம்’ என்றொரு கட்டுரை எழுதினார். சுடுவதற்குத் தீ மட்டும் போதும். வேகவைப்பதற்குப் பாத்திரமும் தண்ணீரும் வேண்டும். அதனால் சுட்டது இயற்கையின் பக்கம், வெந்தது பண்பாட்டின் பக்கம் என்றார். வெந்தது வீட்டாருக்கு, சுட்டது விருந்தாளிக்கு என்றும் சொன்னார். அமைப்பியல் தமிழுக்கு வந்தபோது நம்மில் பலர் இதை வியந்து படித்தோம். ஆனால் இந்த முக்கோணத்தில் அடுப்புக்கு முன்னால் நிற்கும் ஆள் யாரென்ற கேள்வி இல்லை. நம் ஊரில் அதுதான் முதல் கேள்வி.

தமிழில் ‘சுடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கறியைச் சுடுகிறோம். பிணத்தைச் சுடுகிறோம். போலீஸ் சுடுகிறது. திருடினாலும் ‘சுட்டுட்டான்’ என்கிறோம். சுடுகாட்டில் பிணத்தைப் புரட்டிப் போடும் வேலை யாருக்கு என்று விதித்திருக்கிறதோ, செத்த மாட்டை இழுத்துப்போகும் வேலையும் அவர்களுக்கே விதித்திருக்கிறது. தீயோடும் சாவோடும் நேராகத் தொடர்புள்ள உடல்கள் ஊருக்கு வெளியே. பாத்திரத்தின் வழியாக, தண்ணீரின் வழியாக, ஆள் வைத்துத் தீயைத் தொடுகிற உடல்கள் ஊருக்குள்ளே. இந்தத் தூரத்துக்குத்தான் சுத்தம் என்று பெயர். தீ எதிர்த்திசையிலும் பாய்ந்திருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி கேட்டவர்களின் குடிசைக்கு வைத்த தீயில் 44 பேர் செத்தார்கள். சுத்தத்தைக் காப்பாற்றும் தீயும் இருக்கிறது.

கடை அடுப்பு இந்த ஒழுங்கைக் கொஞ்சம் குலைக்கிறது என்பது உண்மை. தெருவைப் பார்த்து, எல்லோர் கண்முன்னாலும் ஒருவர் கறி சுடுகிறார். அவர் எந்தச் சாதி என்று யாருக்கும் தெரியாது. அஸ்ஸாம் என்பது நம் ஊர்ச் சாதிக் கணக்குக்கு எட்டாத தூரம். உள்ளூர்ச் சேரிப் பையன் ஒருவன் அதே இடத்தில் நின்று சுட்டால் அதே கூட்டம் வருமா? நானும் தோழரும் இதைப் பேசிக்கொண்டோம். “வரும் தோழர், ஆனா அவன் எந்தத் தெருன்னு மொதல்ல கேட்டுக்குவாங்க” என்றார்.

5

தோழரின் கதைக்கு வருகிறேன். கல்வராயன் மலை நீண்ட காலம் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1947இல் கொடி மாறியது மலைக்குத் தெரியாது. 1963இல் இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் வழக்குகளில் இழுத்தடித்து, 1976 ஜூன் மாதம்தான் அரசு மலையை எடுத்துக்கொண்டது. அதுவரை ஜாகீர்தாருக்கு வரியும் கொடுத்து, கூலியில்லாமல் வெட்டி வேலையும் செய்தார்கள் மக்கள்.

“அப்பா காலத்துல பொங்க முடிஞ்சி ஊரே வேட்டைக்குப் போவும். பன்னி உழுந்துதுன்னா அங்கியே தழ போட்டு வாட்டி, சொரண்டி, கூறு போட்டுடுவாங்க. மொத அடி அடிச்சவனுக்குத் தல. நாயிக்கும் ஒரு கூறு உண்டு. ஆம்பள இல்லாத வூட்டுக்கும் உண்டு. ஜாகீருக்குத் தொடை போயிடும்” என்றார் தோழர். கூறு போடுவதுதான் அந்தச் சமையலின் மையம். ருசி அதற்குப் பிறகுதான்.

மலை அரசுக்கு வந்தபோது வனத்துறையும் வந்தது. 1882 சென்னை வனச் சட்டம் ஏற்கெனவே காட்டை மக்களிடமிருந்து பிரித்திருந்தது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. காட்டு உயிர்களைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில், மலையில் எழுகிற ஒவ்வொரு புகையும் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. பன்றி வாட்டுகிறானா, சாராயம் காய்ச்சுகிறானா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோதும் எல்லோர் கண்ணும் முதலில் மலையைத்தான் பார்த்தது. சமவெளியில் புகை வியாபாரம். மலையில் புகை தடயம்.

கடையில் எரிகிற கரிக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. நம் பக்கம் வேலிகாத்தான் என்று சொல்கிற சீமைக்கருவேலத்தை வெட்டி, மண்போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிட்டு எடுப்பது. வட மாவட்டங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு மரம் வெட்டப் போய் மீள முடியாமல் கிடந்த இருளர்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். எல்லாக் கரியும் அப்படி வந்தது என்று சொல்லவில்லை. எந்த மூட்டை எப்படி வந்தது என்று கோழி தின்கிறவர் கேட்பதில்லை. நானும் அன்று கேட்கவில்லை.

1976 என்ற ஆண்டை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. நெருக்கடி நிலைக் காலம். பிப்ரவரியில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். ஜூனில் கல்வராயன் மலை ஜாகீர்கள் அரசுக்கு வந்தன. ஆகஸ்டில் தமிழ்நாட்டில் பசுவதையைத் தடுக்கும் அரசாணை. ஒரே ஆண்டில் அரசு உடலை விடுதலை செய்வதாகச் சொன்னது, மலையை விடுதலை செய்வதாகச் சொன்னது, அந்த உடல் எதைத் தின்னலாம் என்றும் சொன்னது. முதல் இரண்டும் அரைகுறையாக நடந்தன. மூன்றாவது, எங்கள் தெருவில் கதவை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சாத்த வைத்தது.

6

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1927இல் மகத் மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடச் சொன்னார். 1948இல் வெளியான ‘தீண்டத்தகாதவர்கள்’ நூலில் மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை வரலாறாக விளக்கினார். எங்கள் தெருவிலும் பெரியவர்கள் சிலர் இயக்கத்துக்கு வந்தவுடன் கறியை விட்டார்கள். அடிமை வேலையின் கூலியாக வந்த கறியை இனி தொடமாட்டோம் என்று. நூற்றாண்டு விழாக் காலத்தில் வந்த என் தலைமுறை, மாட்டுக்கறி எங்கள் உணவு, ஏன் வெட்கப்பட வேண்டும் என்றது. இரண்டு பேச்சும் ஒரே சுயமரியாதையிலிருந்து வந்தவை. ஒன்றை வைத்து மற்றதை அடிக்க நான் தயாரில்லை.

தோழருடைய பக்கத்திலும் சிக்கல் உண்டு. அவர் ஊரில் பன்றி தின்பார்கள், மாடு தின்ன மாட்டார்கள். “மாடு மட்டும் எங்களுக்கு ஆவாது தோழர், கோச்சிக்காதீங்க” என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவில்கூட அந்த ஏணியின் ஒரு படி கிடக்கிறது என்பதை இருவரும் பார்த்துக்கொண்டோம். இருவரும் ஒரே தட்டில் தின்ன முடிந்தது கோழி என்பதால்தான். சந்தையின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஆகாத எதையும் அது பலகையில் ஏற்றாது. மாடு இல்லை, பன்றி இல்லை, குடல் இல்லை, ரத்தம் இல்லை. எவர் நினைவையும் கிளறாத ஒரு பறவை. பண்ணையில் ஆறு வாரத்தில் வளர்ந்த, ஊர் பேர் இல்லாத கோழி.

இப்படி விட்டுவிடுவது சந்தை மட்டும் இல்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு ஏற்பாடு செய்த பிரியாணித் திருவிழாவில் மாட்டு பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிப்போனது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் அதைப் பாகுபாடு என்றது. ஆம்பூரில் நடந்ததைக் கேட்க ஓர் ஆணையமாவது இருந்தது. சங்கராபுரத்துப் பலகையில் இல்லாததைக் கேட்க எந்த ஆணையமும் கிடையாது. எழுதாத பெயரை யாரும் அடிக்கவில்லை அல்லவா?

அன்று தோழர் கேட்டுப் பார்த்தார். தட்டெடுக்க வந்த பையனிடம், “ஏம் தம்பி, பன்னி கெடைக்குமா?” என்றார், சும்மா ஒரு குறும்புக்கு. பையன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “அண்ணா, மெதுவா பேசுங்கண்ணா, பேமிலிலாம் ஒக்காந்திருக்காங்க” என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குரலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். ஆயா கதவைச் சாத்தச் சொன்ன குரல் அது.

ஆனாலும் அந்த மேசையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இதே தாலுகாவின் டீக்கடைகளில் தனிக் குவளையில் குடித்தவர் என் அப்பா. இங்கே நாங்கள் விசிறிக்கு அடியில் உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எந்தத் தெரு என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் எந்தத் தெரு என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமை ஒரு விடுதலைதான். காசு கொடுத்து வாங்கிய, அரை மணி நேரம் நீடிக்கிற விடுதலை. அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: நீ எங்கிருந்து வருகிறாய் என்பதை நீயும் சொல்லக் கூடாது. நந்தனுக்குச் சொன்ன நிபந்தனையின் இன்னொரு வடிவமாகத்தான் இது எனக்குப் படுகிறது. தீக்குள் போய் நினைவை எரித்துவிட்டு வா, சேர்த்துக்கொள்கிறோம்.

தோழரைப் பேருந்து ஏற்றிவிட்டு, அத்தைக்குக் கால் கோழி பார்சல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல். ஆயாவோடு உட்கார்ந்து உப்புக்கண்டம் கோத்தவள். பொட்டலத்தைப் பிரித்ததும் புகை வாசனை வீடு முழுக்க எழுந்தது. ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, “கொழுப்பே இல்லியேடா இதுல” என்றாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“கோழிதான் அத்த” என்றேன்.

“தெரியும்டா, தின்னு” என்றாள்.

கோழிக்கும் சாத்துகிற அந்தக் கதவை யார் திறப்பது? சந்தை திறக்கும் என்று நான் நம்பவில்லை. தெருவில் அடுப்பை வைத்து, சுடுவது இன்னது என்று பலகையில் எழுதி, கூறு போட்டுக் கொடுக்கிற ஒரு நாளை நாம்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.